ஈச்சங்காட்டுத் தெருவின் ஆட்டோபைலட்

எங்கள் ஈச்சங்காட்டுத் தெரு பறந்ததைப் பற்றி ஊருக்குள் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், சூறாவளி தூக்கியது என்கிறவனும் இருக்கிறான், பூமிக்கடியில் வாயு என்கிறவனும் இருக்கிறான், மொத்தத் தெருவும் கூடிக் கதை கட்டுகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து சிரிக்கிறவனும் இருக்கிறான். அவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள் இல்லை என்பதால் அவர்கள் பேச்சை நான் சட்டை செய்வதில்லை. தெரு பறந்தது இன்பராணியின் ஜாய்ஸ்டிக்கால், இடப்பக்கம் சாய்ந்தது அந்த ஜாய்ஸ்டிக்கின் கோளாறால். இரண்டையும் அனுபவித்தவள் நான், என் வீடு இடது வரிசையில் இருக்கிறது.

விமான நிலையத்தின் பின்மதிலை ஒட்டினாற்போல் இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தார்ரோடு, அவ்வளவுதான் எங்கள் தெரு. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் தட்டில் இருக்கிற சோறு நடுங்கும், போனில் பேசிக்கொண்டிருப்பவர் இருங்க, பிளேன் போயிரட்டும் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார், அது போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார். தலைக்கு மேல் இத்தனை விமானம் போயும் தெருவில் ஒருவர்கூட அதில் ஏறியதில்லை, ஏற வேண்டும் என்று ஏங்கியதும் இல்லை. அப்படிப்பட்ட எங்களைப் பார்த்துத்தான் ஓடுபாதையை நீட்ட வேண்டும், எழுந்திருங்கள் என்றார்கள். நில எடுப்பு அதிகாரி குலசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார், கூட வந்த ஆள் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வீடு வீடாக நம்பர் போட்டுக்கொண்டே போனான், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த ரெஜினாக்காவின் சுவரில் பெயிண்ட் வழிந்து தரைவரை இறங்கியது. பைபாஸைத் தாண்டி, பஸ் போகாத ஒரு பொட்டலில் மாற்று இடம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்பராணி கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் குடியிருக்கிற வீடு அவளுடைய அம்மா விமான நிலையத்தில் தரை துடைத்த சம்பளத்தில் ஒவ்வொரு சுவராக எழுப்பியது, புருஷன் தவமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்ப வாங்க வராமலே போன ஒரு ஜாய்ஸ்டிக்கை அவள் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்து, விமானம் ஓட்டும் கேம் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். தினம் நம்மை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு போகிறார்களே, ஒரு தடவை நாமும் அங்கிருந்து நம்மைப் பார்ப்போமே என்பதுதான் அவளுக்கு இருந்த ஆசை.

கேமுக்குள் எங்கள் ஊர் இருந்தது. விமான நிலையம் இருந்தது, அதன் கண்ணாடிக் கோபுரம் இருந்தது, பஸ் ஸ்டாண்டு இருந்தது, எப்போதோ இடித்துவிட்ட சினிமா தியேட்டர்கூட இடிபடாமல் நின்றது, ஓடுபாதைக்குப் பின்னால் நாங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் பச்சைப் புல் இருந்தது. இன்பராணி விமானத்தைத் தாழ்த்தி, திருப்பி, நாலு திசையிலிருந்தும் வந்து பார்த்தாள், புல்தான். அந்தக் கேமைச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ, அவனும் குலசேகரனும் ஒருவரையொருவர் கண்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் இரண்டு பேர் கண்ணிலும் நாங்கள் ஒரே மாதிரி படாமல் போயிருக்கிறோம். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, உலையை ஏற்றிவிட்டு, அந்தப் புல்லுக்கு மேல் சக்கரம் உரசுகிற மாதிரி விமானத்தை ஓட்டுவதை அவள் ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் ஜாய்ஸ்டிக்கைத் தன் பக்கமாக இழுத்தபோது திரையில் விமானம் எழுந்தது, கூடவே எங்கள் தெருவும் எழுந்தது. ஆள் உயரத்துக்கு எழுந்தது, பிறகு மாடி உயரத்துக்கு எழுந்தது, பிறகு மதிலைத் தாண்டி ஓடுபாதை விளக்குகள் வரிசையாகத் தெரிகிற உயரத்துக்கு எழுந்து நின்றது. நாங்கள் கட்டியது மட்டும்தான் எழுந்தது. வீடுகள் வந்தன, படிக்கட்டுகள் வந்தன, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் வந்தன, நடுவில் கிடந்த தார்ரோடு மாநகராட்சி போட்டது என்பதால் அது வராமல் கீழேயே கிடந்தது. எதிர் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தார்கள், பிறகு சாரம் கட்டுகிற பலகைகளைத் தேடி எடுத்து வாசலுக்கு வாசல் போட்டுக்கொண்டார்கள். கரண்டு கம்பி இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டுகொடுத்தது. தெரு முன்னால் போகவில்லை, பின்னால் போகவில்லை, எழும், இறங்கும், சாயும், திரும்பும், அதோடு சரி. போவதற்கு எங்களுக்கு வேறு இடம் இல்லை என்பது அதற்கும் தெரிந்திருந்தது.

தெரு இறங்கியதும் இன்பராணியின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பறந்ததைப் பற்றிக் கேட்க யாரும் வரவில்லை. இடது வரிசைக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சாய்ந்ததைப் பற்றிக் கேட்க வந்திருந்தோம், ஏனென்றால் எழுந்ததிலிருந்து இறங்கும்வரை தெரு இடப்பக்கமாகவே சாய்ந்திருந்தது, என் வீட்டில் குழம்புச் சட்டி அடுப்பிலிருந்து வழுக்கிச் சுவரில் போய் முட்டியது, ரெஜினாக்கா விற்பதற்கு அரைத்து வைத்திருந்த இட்லி மாவு குண்டானோடு கவிழ்ந்து கட்டிலுக்கடியில் ஓடியது.

"பறக்குறது சரி ராணி, சாயுறது எதுக்கு?" என்று ரெஜினாக்கா கேட்டாள்.

அது நியாயமான கேள்வி என்று இன்பராணியும் ஒத்துக்கொண்டாள். யாரும் தொடாமல் நட்டுக்குத்தலாக நிற்கும்போதும் அந்த ஜாய்ஸ்டிக், தான் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருப்பதாகவே கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஸ்பிரே அடித்துத் துடைத்தாள், திரும்ப மாட்டி காலிபரேஷன் போட்டு நாலு மூலைக்கும் சுற்றிக் காட்டி, இதுதான் நடு என்று அதற்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தாள். அப்படியும் போகாத சாய்வுக்கு டெட் ஜோன் என்ற ஒன்றைக் கூட்டி வைத்தாள், அதாவது நடுவிலிருந்து இவ்வளவு தூரம்வரை குச்சி அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று கேமுக்குச் சொல்லிவைப்பது. அந்த வார்த்தை தெருவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், மாமியார் பேச்சுக்கு டெட் ஜோன் போட்டுட்டேன் என்று மருமகள்கள் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். இடது வரிசையில் ஒவ்வொரு வீட்டிலும் தரையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கம் வழிகிறது என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்போம், அவள் அதைக் கேட்டுக் கேட்டு மாற்றுவாள், கடைசியில் ஒரு சாயங்காலம் எந்த டம்ளரும் வழியவில்லை.

அதற்கப்புறம் பறப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாகிப் போனது. எழும்பப் போறோம் என்று இன்பராணி குரல் கொடுப்பாள், எண்ணெய்ச் சட்டி வைத்தவர்கள் இரு இரு என்பார்கள், எண்ணெயை இறக்கியதும் தெரு ஏறும். மேலே கொசு வரவில்லை, துணி சீக்கிரம் காய்ந்தது, போனில் பேசினால் குரல் தெளிவாகக் கேட்டது. பால்காரர் கீழே நின்று பெல்லடிப்பார், கயிற்றில் கட்டிய வாளி இறங்கிப் பாலோடு ஏறும், மேலே இழுக்கிற தூரத்தில் தண்ணீர் கலக்க முடியாது என்று நாங்கள் சொன்னதற்கு அவர் கோபித்துக்கொண்டார். ஒரு நாள் இறங்க வந்த விமானம் ஒன்று எங்களைப் பார்த்து ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது, ஜன்னல்களில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்களும் அவர்களைப் பார்த்தோம், இந்தத் தடவை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இன்பராணி கையை எடுத்தால் தெரு இறங்கிவிடும். இடிக்கிற வண்டிகள் வந்து நிற்கிற நாளில் அவள் எவ்வளவு நேரம்தான் குச்சியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும், சாப்பிட வேண்டாமா, தூங்க வேண்டாமா. கை எடுத்தாலும் விமானத்தைத் தானாகப் பிடித்துக்கொள்கிற ஆட்டோபைலட் அந்தக் கேமில் இருந்தது, அந்தப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரியும், எரிந்த கையோடு அணைந்துபோகும். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது மாவுக் குண்டானோடு போன ரெஜினாக்கா என்னம்மா விஷயம் என்று கேட்டாள்.

"ஆட்டோபைலட் நிக்கவே மாட்டேங்குதுக்கா. நான் இழுத்துப் பிடிக்கிறேன், அது பாட்டுக்கு விலகி விலகிப் போகுது."

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன் தவமணி ஒருவன்தான். ரெஜினாக்கா குண்டானைக் கீழே வைத்துவிட்டு, இன்பராணியின் தலையைத் தடவி, ரெண்டு நாள் பேசாம இரு, தன்னால வழிக்கு வந்துரும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, வழியிலேயே மூன்று வீட்டில் அதைச் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் தவமணி பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகப் போகிறான் என்பது ஆட்டோ ஸ்டாண்டுவரை தெரிந்துவிட்டது. அங்கே நாலு பேர் அவனை உட்கார வைத்துப் புத்தி சொன்னார்கள், சொன்னவர்களில் ஒருவன் ஏற்கெனவே இரண்டு கல்யாணம் செய்தவன்.

கொதித்துப்போய் வந்த தவமணி வீட்டில் சத்தம் போட்டான், அந்த வேகத்தில் மனசில் அடக்கி வைத்திருந்த இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது. கவர்மெண்டோடு மல்லுக்கட்டி யார் ஜெயித்தார்கள், பேசாமல் அந்த மாற்று இடத்துக்கே போய்விடலாம், பறக்கிற வீட்டை நம்பி எத்தனை நாள் குடும்பம் நடத்துவது என்றான். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இன்பராணிக்கு முகம் மாறிவிட்டது. இந்தச் சுவரெல்லாம் என் அம்மா தூக்கின செங்கல், நீங்க வேணா போங்க, நான் வரல என்றாள். எதிர் வீட்டிலிருந்த எனக்கே அது சுருக்கென்று பட்டது. தவமணி மறுநாள் விடிந்ததும் டீ குடிக்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சொல்லி வைத்த மாதிரி அன்றைக்குத்தான் வண்டிகள் வந்தன. மஞ்சள் பொக்லைன்கள் தெருமுனையில் வரிசையாக நிற்க, குலசேகரன் ஜீப்பில் நின்றபடி மைக்கில் பேச ஆரம்பித்தார், அவர் பெரியோர்களே என்று சொல்லி முடிக்கும் முன்னால் இன்பராணி எழும்பப் போறோம் என்று குரல் கொடுத்துவிட்டாள். அடுப்பில் என்ன இருந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. மொத்தத் தெருவும் அவர் பேசப் பேச அவர் தலைக்கு மேலே போனது.

மேலே போய் நிலைப்படுத்தியதும் அவள் ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் செட்டிங் ஒவ்வொன்றாகப் புரட்டினாள், நாங்கள் பலகை மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டோபைலட்டைப் போடுகிற பட்டனுக்கே அதை எடுக்கிற வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது, அதனால்தான் ஒரே அமுக்கில் எரிந்து அணைந்தது. எடுக்கிற வேலையை அவள் வேறொரு பட்டனுக்கு மாற்றினாள், விளக்கு கொஞ்ச நேரம் நின்று எரிந்து அப்புறம் அணைந்தது. குச்சி லேசாக நடுங்கினாலும், ஓட்டுகிறவர் தானே பிடித்துக்கொண்டார், இனி நமக்கென்ன என்று ஆட்டோபைலட் விலகிக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, டெட் ஜோனை இன்னும் கூட்டினாள், அதோடு அது விலகாமல் நின்றது. அவள் கையை எடுத்தாள், விரலைச் சொடுக்கெடுத்தாள், எல்லோரும் மூச்சு விட்டோம், அந்த நேரம் பார்த்துத் தெரு கிடுகிடுவென்று கீழே இறங்க ஆரம்பித்தது. எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தது, அது சொன்ன பேச்சைக் கேட்டு பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பொக்லைன் டிரைவர்கள் சாவியை விட்டுவிட்டு ஓடினார்கள், இன்பராணி பாய்ந்து குச்சியை இழுத்தாள், எங்கள் வீட்டு அடித்தளம் ஒரு பொக்லைனின் கூரையை உரசிக்கொண்டு மேலேறியது. உயரத்தைக் குறித்துவிட்டு மறுபடி போட்டாள், இந்தத் தடவை தெரு வானத்தில் அம்மிக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்தது.

உயரத்தைக் கவனித்தவள் திசையைக் கவனிக்கவில்லை. திசைக் கட்டத்திலும் பூஜ்யம்தான் இருந்தது, பூஜ்யம் என்றால் கேமில் வடக்கு. கிழக்கு மேற்காகக் கிடந்த எங்கள் தெரு மெல்லத் திரும்பித் திரும்பி, தன் வாயை நேர் வடக்கே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நேர் வடக்கே இருந்தது ஆபீசர் காலனி, அதில் தெருவாய்க்கு நேராக இருந்தது குலசேகரன் புதிதாகக் கட்டிக் குடியேறியிருந்த மாடிவீடு.

தெருக்குத்து என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஒரு தெரு நேராக வந்து ஒரு வீட்டு வாசலில் முட்டினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று பிள்ளையாரை வைக்கிற ஊர் இது. ஆனால் ஆகாயத்திலிருந்து சாய்வாக வருகிற தெருக்குத்துக்குப் பிள்ளையாரை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீசர் காலனியில் மொட்டைமாடிதோறும் பிள்ளையார் ஏறினார், சிலை செய்கிறவர்களிடம் இருப்பு தீர்ந்துபோய் முருகனைக் கொடுத்து அனுப்பினார்கள், அங்கே ஒருவருக்குப் பல் வலித்தாலும், ஒரு பையனுக்குப் பரீட்சை ஊற்றிக்கொண்டாலும் பழி எங்கள் மேல் விழுந்தது. குலசேகரனின் மனைவியே ஒரு மத்தியானம் கீழே வந்து நின்று, தெருவைக் கொஞ்சம் திருப்பி வையுங்களேன் என்று மேலே பார்த்துக் கேட்டார். அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. திருப்பத் தெரியாமல் இல்லை, உங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் போகச் சொல்லுங்க, நாங்களும் திருப்புறோம் என்று இன்பராணி பதில் சொன்னாள், நாங்கள் அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தோம்.

சந்தோஷத்தில் கீழே பார்க்க மறந்துவிட்டோம். வீட்டிலும் நிம்மதி போன குலசேகரன் வேறு வழியில் வந்தார். நிலம் காலியாக இருக்கிறது, மக்கள் தாங்களாகவே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், எந்தத் தடையும் இல்லை என்று மேலிடத்துக்குச் சொல்லி, உடனே நிரவும்படி உத்தரவு வாங்கிவிட்டார். டிப்பர் லாரிகள் வந்து எங்கள் வீடுகள் இருந்த பள்ளங்களில் கிராவல் மண்ணைக் கொட்ட ஆரம்பித்தன. பலகையில் குப்புறப் படுத்து அதைப் பார்த்தாள் இன்பராணி. பிறகு எழுந்து உட்கார்ந்து, காலி பண்ண மாட்டோம்னு சொல்லிட்டு நாமளே காலி பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கோம் என்றாள். மேலே ஏறியதிலிருந்து முதல் தடவையாக எங்களுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்த ஆட்டோவைப் பார்த்தோம். தெருமுனை இருந்த இடத்தில் அது கொஞ்சம் நின்றது, பிறகு தார்ரோட்டில் மெல்ல உள்ளே வந்தது, வீடுகளே இல்லாத தெருவில் வீடுகளைக் கடக்கிற மாதிரி வந்து, இன்பராணியின் வாசல் இருந்த இடத்துக்கு நேரே ரோட்டில் நின்றது. தவமணி இறங்கவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான், ஆட்கள் வந்து கத்தினார்கள், ஜீப்பில் குலசேகரனே வந்து இறங்கி இங்கே யாரும் குடியிருக்கவில்லை, வண்டியை எடு என்றார். நான் இருக்கேன்ல என்று தவமணி சொன்னதாகப் பிறகு தெரிந்தது. லாரிகளின் இரைச்சலில் எங்களுக்குக் குரல் கேட்கவில்லை, அவன் ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது. இன்பராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திசையைப் பழையபடி கிழக்கு மேற்காக மாற்றினாள், ஆபீசர் காலனிக்கு விடுதலை கிடைத்தது. அப்புறம் டெட் ஜோனைக் குறைத்தாள், ஏனென்றால் அவ்வளவு டெட் ஜோன் இருந்தால் குச்சி மரத்துப்போன விரல் மாதிரி, நெளிவு சுளிவாக இறக்க முடியாது. குறைத்தவுடன் பழைய சாய்வு திரும்பி வந்தது, டம்ளர்கள் இடப்பக்கம் வழிந்தன, இந்தத் தடவை யாரும் குறை சொல்லவில்லை. கடைசியாக ஆட்டோபைலட்டை எடுக்கிற பட்டனில் விரலை வைத்தாள். வாசலில் நின்றிருந்த ரெஜினாக்கா, ஆட்டோபைலட் இல்லாம எப்படிம்மா இறக்குவ என்று கேட்டாள்.

"ஆட்டோபைலட் கீழ உக்காந்திருக்குக்கா" என்று சொல்லிவிட்டு இன்பராணி பட்டனை அமுக்கினாள்.

தெருவின் பாரம் முழுவதும் அவள் மணிக்கட்டுக்கு வந்தது. திரையில் அவளுக்குத் தெரிந்தது பச்சைப் புல் மட்டும்தான், எங்கள் மனையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை, அதன் நடுவில் இருக்கிற ஆளும் தெரியவில்லை. அவள் போனை எடுத்து, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"தள்ளிப் போங்க. தெருவை இறக்கப் போறேன்."

"நான் தள்ளிப் போனா இது காலி எடமாயிரும் ராணி."

"எனக்கு இந்தக் குச்சி மேல நம்பிக்கை இல்லைங்க. உங்க மேல வந்து உக்காந்துருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்."

"அது எந்தப் பக்கம் இழுக்கும்?"

"இடப்பக்கம்."

"அப்ப நான் சொல்லச் சொல்ல வலப்பக்கம் தள்ளு. தெரு ரோட்டை விட்டு எங்கயும் போயிராது. இறக்கு."

நாங்கள் வாசல் பலகைகளை உருவி உள்ளே போட்டுக்கொண்டோம், அவள் இறக்கினாள். இரண்டு வரிசை வீடுகளும் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ அகலத்துக்கு வானத்தை விட்டுக்கொண்டு கீழே வந்தன, நிழல் விழுந்ததும் லாரிக்காரர்கள் ஓடினார்கள், பொக்லைன்காரர்கள் பின்னால் எடுத்தார்கள், குலசேகரன் ஜீப்பைக்கூட எடுக்காமல் வேட்டைநாய் துரத்துகிற மாதிரி மதிலோரம் ஓடினார். இன்னும் வலப்பக்கம், இன்னும், போதும், இப்ப நேரா என்று தவமணியின் குரல் வந்துகொண்டே இருந்தது, மூட்டு தேய்ந்த பாட்டி படியிறங்குவதைவிட மெல்ல மெல்ல இறங்கினோம், நான் என் வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மாடி உயரத்தில் குச்சி ஒரு தடவை தன் புத்தியைக் காட்டி இடப்பக்கம் இழுத்தது, வலது வரிசையின் படிக்கட்டுகள் ஆட்டோவின் மேல் வந்து நின்றன. அப்புறம், பரவால்ல, மூச்சு விட்டுட்டுத் தள்ளு என்று அவன் சொன்னான். அவள் மூச்சு விட்டுவிட்டுத் தள்ளினாள். அடித்தளம் மண்ணைத் தொட்டபோது என் உள்ளங்காலில் அது தெரிந்தது, எங்கள் மண்தான் என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்தது.

இறங்கி முடிந்தபோது ஆட்டோவின் ஒரு பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தது, மற்றபடி கீறல் இல்லை. அவர்கள் கொட்டிய கிராவல் மேல் உட்கார்ந்ததால் எல்லா வீடும் ஒரு படி உயர்ந்திருந்தது, அதற்குப் பிறகு மழைத்தண்ணீர் உள்ளே வரவில்லை. இன்பராணி ஓடி வந்து தவமணியின் நெஞ்சிலேயே ரெண்டு அடி வைத்தாள், அப்புறம் எல்லோர் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் வேறு பக்கம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தோம். இனி அந்தப் பொட்டலைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

மதிலோரத்திலிருந்து குலசேகரன் வந்தார். ஓடுபாதை நிலத்தில் அனுமதி இல்லாமல் இறங்கியிருக்கிறீர்கள் என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர், பாதியில் நின்று தன் ஜீப்பைத் தேடினார். ரெஜினாக்கா வீட்டுக்குப் பின்பக்கம் கோழி மேய ஒரு மண்தரை உண்டு, அதைச் சுற்றி அவள் கட்டிய மதில் எங்களோடு மேலே வந்துவிட்டது, மண்தரை அவள் போட்டதில்லை என்பதால் கீழேயே கிடந்தது. அதைக் காலி நிலம் என்று நினைத்துத்தான் அவர் ஜீப்பை அதில் நிறுத்தியிருந்தார். இப்போது நாலு பக்கமும் மதில், மதிலில் கதவு கிடையாது, ஜீப்பிடம் போக வேண்டுமென்றால் ரெஜினாக்கா வீட்டு முன்வாசலில் நுழைந்து, கூடத்தையும் அடுப்படியையும் தாண்டித்தான் போக வேண்டும்.

அவர் வந்து அந்த வாசலில் நின்றார். தான் போடவைத்த சிவப்பு நம்பர் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. ஜீப்பை எடுக்கணும் என்றார், ரெஜினாக்கா மாவுக் கையோடு நிலைப்படியில் நின்று, எங்க வீட்டுக்குள்ள யாரைக் கேட்டு வண்டிய விட்டீங்க சார் என்றாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வண்டிக்காரர்கள் ஒருவரும் இல்லை. சுற்றிலும் பார்த்தார், இரண்டு வரிசையிலும் வாசலுக்கு வாசல் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், இன்பராணியின் கையில் கம்பி தொங்க ஜாய்ஸ்டிக் இருந்தது. குலசேகரன் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு குரலை இறக்கி, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

ரெஜினாக்கா எங்களைப் பார்த்தாள்.

"கூடாது" என்றது தெரு.